மூன்று டம்ளர்களின் மிச்சம்

மிக்ஸி நின்ற பிறகுதான் அந்த வீட்டில் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்கும். அன்று காலை அது நின்ற பிறகும் யாரும் பேசவில்லை. கிரேன்காரர் மட்டும் ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவில் நடந்துகொண்டே இருந்தார்.

"கொஞ்சம் உட்காருங்களேன். தரை தேய்ஞ்சுடப் போகுது" என்றாள் மனைவி.

"உட்கார்ந்தா பசிக்குது."

"நடந்தா மட்டும் பசிக்காதா?"

"பசிக்கும். ஆனா தெரியாது."

ரத்தம் கொடுக்க வெறும் வயிற்றோடு போக வேண்டும். அதனால் வழக்கமான பாகற்காய், வெள்ளரிக்காய் ஜூஸ் இன்று கிடையாது. மூன்று மாதத்தில் முதல் முறையாக அந்தப் பச்சை டம்ளரிடமிருந்து தப்பித்திருக்கிறார். அந்தச் சந்தோஷம்கூட முகத்தில் இல்லை.

இந்த வீட்டுக்குள் இன்றுதான் நுழைகிறவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போய் வருவோம். இருபத்திரண்டு மாடி உயரத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள் தனியாக உட்கார்ந்து இரும்பையும் கான்கிரீட்டையும் தூக்கி இறக்குகிறவர் இவர். மூன்று மாதத்துக்கு முன்னால் கம்பெனி டாக்டர் இவருடைய சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் பார்த்துவிட்டு, "நீங்க கொஞ்ச நாள் மேலே ஏற வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து கீழே நின்று, மேலே இருக்கும் புது ஆளுக்குக் கைகாட்டுகிற வேலை.

அன்று மாலையே மூத்த மகள் ஒரு தாளில் கட்டம் போட்டு ஃப்ரிட்ஜின் மேல் ஒட்டினாள். அப்பாவுக்குக் காய்கறி ஜூஸ், இனிப்பு இல்லாமல். தனக்கும் தங்கைக்கும் கேரட், ஆப்பிள், திராட்சை, அன்னாசி, ருசிக்கு ஒரு ஸ்பூன் தேன். டீக்கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது. பிஸ்கட் வீட்டுக்குள் வரக் கூடாது. மாத்திரை, நடை, ராத்திரி எட்டு மணிக்குள் சாப்பாடு. கட்டம் போட்டது மகள் என்றாலும், தினமும் காலை ஐந்து மணிக்கு எழுந்து காயைத் தோல் சீவி, அரைத்து, வடிகட்டி, டம்ளர் டம்ளராக எடுத்து வைத்ததெல்லாம் அம்மாதான்.

இன்று அந்த மூன்று மாதத்துக்கும் தீர்ப்பு நாள்.

"அம்மா, லேப் கோட்டுல பட்டன் தொங்குது" என்று கையில் வெள்ளைக் கோட்டோடு வந்தாள் சின்னவள். கல்லூரியில் முதல் வருடம். எதையும் கிளம்புகிற நேரத்தில்தான் சொல்வாள்.

"நேத்து ராத்திரி சொல்றதுக்கு வாயில என்ன?"

"நேத்து ராத்திரி தொங்கலையே."

அம்மா முணுமுணுத்துக்கொண்டே ஊசி டப்பாவை எடுத்து ஜன்னலோரம் போனாள். நூல் நுனியை எச்சில் தொட்டு முறுக்கினாள். ஒரே தடவையில் கோத்துவிட்டாள்.

தலை வாரிக்கொண்டிருந்த மூத்தவளின் கை சீப்போடு அப்படியே நின்றது. "அம்மா, கண்ணாடி எங்கே?"

"அது எதுக்கு? போட்டாத்தான் மங்கலா இருக்கு. கழட்டிட்டா ஊசிக் காது பளிச்சுன்னு தெரியுது. ரெண்டு வாரமா இப்படித்தான்."

"நிஜமாவா?"

"பொய் சொல்லி எனக்கு என்னடி ஆகப் போகுது? எல்லாம் உன் கேரட் ஜூஸ்தான்."

மூத்தவள் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். ஃப்ரேம் காட்டுவது, முகத்துக்கு அளவெடுப்பது, கண்ணாடியைக் காதில் உட்கார வைப்பது எல்லாம் அவள்தான். அம்மாவின் படிக்கிற கண்ணாடியும் இரண்டு மாதத்துக்கு முன்னால் அவள் கையால் போட்டுக்கொடுத்ததுதான். நாற்பத்தொன்பது வயதில் கண் பின்னோக்கிப் போய்க் கூர்மையாகும் என்று அவள் எங்கேயும் கேள்விப்பட்டதில்லை. ஆனால் கேள்விப்படாத நல்ல செய்தியை யார் வேண்டாம் என்பார்கள்?

"மதியம் கடைக்கு வாம்மா. மேடம்கிட்ட காட்டி பவர் பார்த்துடலாம். நான் எல்லார்கிட்டேயும் கேரட் கேரட்னு சொன்னா சிரிக்கிறாங்க. இப்ப வரட்டும்."

"எனக்கு நாலு பேன்ட் முடிக்கணும்."

"சாப்பாட்டு நேரத்துல வா. ரெண்டு தெரு நடக்கறதுக்கு என்ன?"

அம்மா பட்டனைத் தைத்து நூலைப் பல்லால் கடித்தாள். சின்னவள் ஜூஸில் இரண்டு வாய் குடித்துவிட்டு, "புளிக்குது" என்று மேஜையில் வைத்துவிட்டு ஓடினாள். மூத்தவள் முக்கால்வாசி குடித்தபோது பஸ் நேரம் நினைவுக்கு வந்து கிளம்பிவிட்டாள். கிரேன்காரர் செருப்பைப் போட்டார், கழற்றினார், சாவியைத் தேடினார். அது அவர் சட்டைப் பையிலேயே இருந்தது.

"வரேன்" என்றார்.

"நல்லபடியா வரும். போயிட்டு வாங்க."

வீடு காலியானது. அம்மா சின்னவளின் டம்ளரில் இருந்ததையும் மூத்தவளின் டம்ளரில் இருந்ததையும் தன் டம்ளரில் ஊற்றினாள். ஜாடியில் அடியில் தங்கியதைத் தண்ணீர் விட்டு அலசி அதையும் சேர்த்தாள். தொட்டி ஓரம் நின்றபடியே குடித்தாள். அதுதான் அவளுடைய காலைச் சாப்பாடு. பிறகும் நா வறண்டது. இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தாள். பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, மறுபடியும் ஒரு தடவை பாத்ரூமுக்குப் போய்விட்டுக் கிளம்பினாள்.

* * *

கம்பெனி மருத்துவ அறையில் ரத்தம் எடுத்து முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. முடிவு வர மூன்று மணி ஆகும் என்றார்கள்.

கிரேன்காரருக்கு இருப்புக்கொள்ளவில்லை. தலைக்கவசத்தைக் கழற்றித் துடைத்தார். வாக்கி டாக்கியை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினார். மேலே புது ஆள் கம்பிக்கட்டைத் தூக்கிக்கொண்டிருந்தான். கட்டு காற்றில் ஆடியது.

"நிறுத்து. ஆட்டம் அடங்கட்டும்" என்றார்.

"அடங்கிடும் சார்."

"அடங்கின பிறகு நகர்த்து."

மேலே இருந்தால் அவர் அந்தக் கட்டின் ஆட்டத்தைத் தன் இடுப்பிலேயே உணர்ந்திருப்பார். கீழே இருந்து கண்ணால்தான் பார்க்க முடிகிறது. இந்த மூன்று மாதமும் அவரை வாட்டியது பாகற்காயின் கசப்பு இல்லை, இதுதான். தன் வேலையை இன்னொருவன் சுமாராகச் செய்வதைத் தினமும் எட்டு மணி நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பது.

பன்னிரண்டு மணிக்கு ஒரு தடவை மருத்துவ அறைக்குப் போய் எட்டிப் பார்த்தார். ஒரு மணிக்கு இன்னொரு தடவை. இரண்டரைக்குப் போனபோது நர்ஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு, "இங்கேயே உட்காருங்க. நீங்க நடக்கற சத்தத்துல எனக்கு எழுத வரல" என்றாள்.

மூன்று மணி பத்து நிமிடத்துக்கு டாக்டர் கூப்பிட்டார். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன பண்ணீங்க?"

"ஏன் சார்?"

"சர்க்கரையோட மூணு மாச சராசரி நல்லா இறங்கியிருக்கு. எடை ஆறு கிலோ குறைஞ்சிருக்கு. பிரஷரும் கட்டுக்குள்ள இருக்கு. என்ன பண்ணீங்கன்னு கேட்டேன்."

"நான் ஒண்ணும் பண்ணல சார். என் வீட்டுக்காரம்மா கொடுத்ததைக் குடிச்சேன்."

டாக்டர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். நாளைக் காலை ஆறு மணி ஷிஃப்டிலிருந்து மேலே ஏறலாம். கிரேன்காரர் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். இரண்டு எட்டு நடந்து, வெளியே எடுத்து, இன்னொரு தடவை படித்தார்.

* * *

அம்மா வேலை பார்க்கிற இடம் ஒரு பெரிய துணிக்கடையின் பின்பக்க அறை. வாங்கிய பேன்ட் நீளமாக இருந்தால் குட்டையாக்கித் தருவதும், சட்டையின் இடுப்பைப் பிடித்துத் தருவதும் அங்கேதான். மூன்று மெஷின். பக்கத்தில் பட்டனுக்குக் காஜா எடுக்கிற பெண், எல்லோருக்கும் காஜாக்கா.

"இது நாலாவது தடவை. காலையில இருந்து எண்ணிட்டுத்தான் இருக்கேன்" என்றாள் காஜாக்கா, பாத்ரூமிலிருந்து திரும்பிய அம்மாவைப் பார்த்து.

"தண்ணி நிறைய குடிக்கிறேன்ல."

"அவ்வளவு ஏன் குடிக்கிற?"

"தாகம் எடுக்குது, குடிக்கிறேன். இதுக்கும் கணக்குச் சொல்லணுமா?"

காலையில் நடந்ததை அம்மா யாரிடமும் சொல்லவில்லை. பஸ் வந்தபோது நம்பர் தெரியாமல் வேறு பஸ்ஸில் ஏறி, இரண்டு ஸ்டாப் தள்ளி இறங்கித் திரும்பி நடந்தாள். கிட்டத்தில் இருப்பது இவ்வளவு தெளிவாகத் தெரியும்போது, தூரத்தில் இருப்பது மங்கினால் என்ன? பஸ் நம்பரா அவளுக்குச் சோறு போடுகிறது? ஊசிதானே.

ஒரு மணிக்குச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் மகளின் கடைக்குக் கிளம்பினாள்.

மூத்தவள் அப்போது வாசலில் நின்று, ஷோகேஸின் வெளிப்புறத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எதிர்ச்சாரியில் அம்மா வருவது தெரிந்தது. கையைத் தூக்கி ஆட்டினாள்.

அம்மா நேராக அவளைப் பார்த்தாள். நின்றாள். கண்ணைச் சுருக்கினாள். பிறகு யாரோ யாரையோ கூப்பிடுகிறார்கள் என்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கடையைத் தாண்டி நடந்து போய்விட்டாள்.

மூத்தவள் துணியைப் போட்டுவிட்டு ரோட்டைக் கடந்து ஓடினாள்.

"அம்மா. எங்கே போற?"

"உன் கடைக்குத்தான். போர்டைத் தேடிக்கிட்டு இருக்கேன்."

"நான் கை ஆட்டினேன். நீ என்னைப் பார்த்தே."

"நீயா அது? யாரோ துடைக்கிற பொண்ணுன்னு நினைச்சேன்" என்று சிரித்தாள் அம்மா.

மூத்தவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

* * *

கண் பரிசோதனை செய்கிற மேடம் அதிகம் பேச மாட்டார். இருட்டு அறையில் லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இதுவா, இதுவா?" என்று மட்டும் கேட்பார். இன்று ஒரே லென்ஸை மூன்று தடவை போட்டுப் பார்த்தார். பழைய அட்டையை எடுத்து வரச் சொன்னார். விளக்கைப் போட்டார்.

மூத்தவள் ஆர்வம் தாங்காமல், "குறைஞ்சிருக்கா மேடம்?" என்றாள்.

"கிட்டப் பார்வைக்குக் கண்ணாடி தேவையில்லைங்கற மாதிரி ஆயிருக்கு."

"நான் சொன்னேன்ல."

"இரு. ரெண்டு மாசத்துக்கு முன்னால தூரப் பார்வை நல்லா இருந்தது. இப்ப தூரத்துக்கு மைனஸ் ஒண்ணே கால் வந்திருக்கு, ரெண்டு கண்ணுலயும். கண்ணு நல்லா ஆகலை. உள்ளே இருக்கற லென்ஸ் உப்பியிருக்கும்னு நினைக்கிறேன்." மேடம் அம்மாவின் பக்கம் நாற்காலியைத் திருப்பினார். "அம்மா, உங்களுக்குத் தாகம் அதிகமா இருக்கா?"

அம்மா மகளைப் பார்த்தாள். "வெயில்..."

"ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறீங்க?"

"நாலு, அஞ்சு."

"கடைசியா எப்ப ரத்தம் பார்த்தாங்க?"

"சின்னவ வயித்துல இருந்தப்போ."

"அவளுக்கு இப்ப என்ன வயசு?"

"பதினெட்டு" என்றாள் மூத்தவள். அவள் குரல் அதற்குள் மாறிவிட்டது.

பக்கத்து மருந்துக்கடையில் விரலைக் குத்திச் சர்க்கரை பார்த்தார்கள். மருந்துக்கடைக்காரர் மீட்டரை ஒரு தடவை தட்டினார். வேறு டெஸ்ட் பட்டை போட்டு வேறு விரலில் குத்தினார். இரண்டாவது தடவையும் அதே மாதிரிதான் காட்டியது. முந்நூற்று நாற்பத்திரண்டு.

"அப்பாவுக்கு முதல்ல பார்த்தப்பகூட இவ்வளவு இல்லையே" என்றாள் மூத்தவள்.

கடைக்குத் திரும்பியதும் மேடம் கேட்டார், "காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"ஜூஸ்."

"எவ்வளவு?"

"ஒரு டம்ளர்" என்று அம்மா சொல்ல, "உனக்குன்னு நீ ஊத்தி நான் பார்த்ததே இல்லையே" என்றாள் மகள்.

"எனக்குன்னு தனியா எதுக்கு? நீ கொஞ்சம் வெச்சுட்டுப் போற. அவ பாதி வெச்சுட்டுப் போறா. ஜாடியில கொஞ்சம் ஒட்டியிருக்கு. பழம் விக்கிற விலைக்கு அதைத் தொட்டியிலயா கொட்டுறது? சாயங்காலமும் அப்படித்தான். குடிச்சா வயிறு நிறைஞ்சுடும், அப்புறம் சோறு இறங்காது. தாகமா வேற இருக்கும், அதனால சில நாள் இன்னும் கொஞ்சம் போட்டுக் குடிப்பேன். நல்லதுதானே? நீதானே சொன்ன, நல்லதுன்னு?"

ஃப்ரிட்ஜின் மேல் ஒட்டிய தாள் மூத்தவளின் கண் முன்னால் வந்தது. அப்பாவுக்கு ஒரு வரிசை. தனக்கும் தங்கைக்கும் ஒரு வரிசை. ஏழு நாளுக்கும் என்ன காய், என்ன பழம் என்று வண்ண வண்ணப் பேனாவில் எழுதியிருந்தாள். அம்மாவுக்கு என்று எதுவும் இல்லை. மூன்று மாதமாகத் தினமும் அந்தத் தாளைத் தாண்டித்தான் தண்ணீர் எடுத்தாள். ஒரு நாளும் தோன்றவில்லை.

"நான்தான் மேடம் பண்ணிட்டேன்" என்றாள்.

"அப்படி எடுத்துக்காதே. ஜூஸ் மட்டுமே இதைச் செஞ்சிருக்காது. சர்க்கரை ரொம்ப நாளா உள்ளே இருந்திருக்கும், யாரும் பார்க்கலை. கண்ணு லென்ஸ் உப்பினதும் அதனாலதான். நீங்க அதுக்குத் தினமும் தீனி போட்டிருக்கீங்க, அவ்வளவுதான். வடிகட்டின பழச்சாறுல நாரெல்லாம் சல்லடையில தங்கிடும், இனிப்பு டம்ளருக்கு வந்துடும். அதுக்கு மேல தேன் வேற. உங்க அப்பா குடிச்சது காய்கறி. கூடவே மாத்திரை, நடை, நேரத்துக்குச் சோறு. உங்க அம்மா குடிச்சது வேற, அதுவும் சோத்துக்குப் பதிலா." மேடம் அட்டையை மூடினார். "நான் கண்ணு பார்க்கறவ. இதுக்கு மேல டாக்டர்தான் சொல்லணும். நாளைக்குன்னு தள்ளாதீங்க. இன்னைக்கே போங்க."

வெளியே வந்ததும் அம்மா மகளின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அப்பாகிட்ட இன்னைக்குச் சொல்லாதே."

"அம்மா, மேடம் என்ன சொன்னாங்க?"

"கேட்டுட்டுத்தான் இருந்தேன். எனக்கு ஒண்ணும் மயக்கம் வரல, விழல. பாரு, நிக்கிறேன். அவர் மூணு மாசமா இந்த நாளுக்காகத் தவிச்சுட்டு இருக்கார். நல்ல சேதியோட வருவார். வந்ததும் இந்தச் சேதியைத் தூக்கி அவர் மடியில போடச் சொல்றியா? நாளைக்கு அவர் வேலைக்குக் கிளம்பட்டும். ஆறரைக்கு நானும் நீயும் ஆஸ்பத்திரி வாசல்ல நிப்போம்."

"இன்னைக்குச் சாயங்காலம் போனா என்ன?"

"நாலு பேன்ட் இருக்குடி."

மகள் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். அம்மாவின் கை மணிக்கட்டில் இறுகியது. பழகிய பிடி. சின்ன வயதில் ரோடு தாண்டும்போது பிடித்த அதே இறுக்கம். மூத்தவள் தலையாட்டிவிட்டாள். ஆட்டிய நிமிடத்திலிருந்து அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மாலைக்குள் இரண்டு பேருக்கு மாற்றி மாற்றிக் கண்ணாடியைக் கொடுத்துவிட்டாள்.

* * *

கிரேன்காரர் ஏழு மணிக்கு வீடு வந்தார். ஒரு கையில் பெரிய அட்டைப் பெட்டி. இன்னொரு கையில் பை நிறையக் கறுப்புத் திராட்சை.

"என்னங்க ஆச்சு?" என்றாள் அம்மா.

அவர் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து நீட்டினார். நாலைந்து தடவை மடித்து விரித்ததில் மடிப்புகள் நைந்திருந்தன. அம்மா கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தாள். படித்து முடித்ததும் தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"கண்ணாடி இல்லாமலே படிக்கிறியே. பவர் குறைஞ்சுடுச்சா?" என்று கேட்டார்.

"ம். குறைஞ்சிருக்குன்னு சொன்னாங்க."

மூத்தவள் உதட்டைக் கடித்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்றாள்.

சின்னவள் அதற்குள் பெட்டியைக் கிழித்துவிட்டாள். உள்ளே ஒரு ஜூஸ் மெஷின். மிக்ஸி மாதிரி அடித்துச் சிதறாமல், மெதுவாகச் சுற்றிப் பிழிகிற வகை.

"சத்தமே போடாதாம்" என்றார் கிரேன்காரர். "விடியற்காலையில அந்த மிக்ஸியோட மல்லுக்கட்டுறியே, கேட்டுட்டே படுத்திருப்பேன். வடிகட்டவும் வேண்டாம், அதுவே பிரிச்சுடும். தள்ளுங்க எல்லாரும். இன்னைக்கு நான் போடறேன்."

அவர் திராட்சையைக் கழுவினார். பார்த்துப் பார்த்துக் காம்பு கிள்ளினார். மெஷின் முனகியபடி சுற்றியது. கறுஞ்சிவப்பாகச் சாறு இறங்கியது. டம்ளர் வழிய எடுத்து, இரண்டு கையாலும் பிடித்து மனைவியிடம் கொண்டுவந்தார்.

"மூணு மாசமா எல்லாருக்கும் போட்டுக் கொடுத்தே. ஒரு நாளாவது உட்கார்ந்து நீ குடிச்சு நான் பார்க்கலை. டாக்டர் என்ன பண்ணீங்கன்னு கேட்டார். உன்னைத்தான் சொன்னேன். முதல் டம்ளர் உனக்கு. உட்காரு."

அம்மா உட்கார்ந்தாள். டம்ளரை வாங்கினாள். அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் இப்படிச் சிரித்து அவள் பார்த்து எவ்வளவு நாள் ஆயிற்று. ஒரு டம்ளர்தானே, இதோடு விட்டுவிடலாம் என்று நினைத்தாளோ என்னவோ, டம்ளர் உதடுவரை போய்விட்டது.

"குடிக்காதேம்மா" என்றாள் மூத்தவள்.

"சும்மா இரு."

"அப்பா, அவளைக் குடிக்க விடாதீங்க. அம்மாவுக்குச் சர்க்கரை. மதியம் பார்த்தோம். முந்நூத்தி நாப்பத்திரண்டு."

மெஷின் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. சின்னவள் போய் அதை நிறுத்தினாள்.

கிரேன்காரர் மனைவியின் கையிலிருந்து டம்ளரை வாங்கிக் கீழே வைத்தார். வைக்கும்போது கொஞ்சம் சிந்தியது. துடைக்கவில்லை.

"எத்தனை மணிக்குத் தெரியும்?" என்று மூத்தவளைக் கேட்டார்.

"ஒண்ணரைக்கு."

"இப்ப மணி ஏழரை."

"நான்தாங்க சொல்ல வேண்டாம்னு சொன்னேன்" என்றாள் அம்மா. "நாளைக்கு நீங்க மேலே ஏறணும். இதைக் கேட்டா ஏற மாட்டீங்க. எனக்குத் தெரியாதா உங்களை?"

"நீ கீழே இப்படி இருந்தா நான் மேலே போய் எதைத் தூக்குறது?"

அவர் குரல் உயரவில்லை. அதனால்தான் மூவரும் பயந்தார்கள்.

"எப்படிப்பா வரும்? அம்மா இனிப்பே தொட மாட்டாளே" என்றாள் சின்னவள்.

"நாம வெச்ச மிச்சத்தையெல்லாம் குடிச்சிருக்கா. நீ வெச்சது, நான் வெச்சது. சோறு சாப்பிடாம" என்றாள் அக்கா.

சின்னவள் மேஜையைப் பார்த்தாள். போய் அம்மாவின் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து அவள் தோளில் முகத்தைப் புதைத்தாள்.

"அழாதேடி. நீயா வாயில ஊத்தின?" என்று அவள் தலையைத் தடவினாள் அம்மா. பிறகு கணவரைப் பார்த்து, "காலையில போறோம்னு சொல்லியிருக்கேன்" என்றாள்.

"இப்ப போறோம். புடவையை மாத்திக்கிட்டு வா. பெரியவளே, ஆட்டோ கூப்பிடு."

"சோறு வடிச்சு வெச்சிருக்கேன், ரெண்டு வாய் சாப்பிட்டுட்டு..."

"எழுந்திரு" என்றார்.

அம்மா எழுந்து உள் அறைக்கு நடந்தாள். வெள்ளைத் தரை ஓடு. அவள் போன வழியில் சிவப்பாக ஒரு பொட்டு விழுந்திருந்தது. சின்னவள் அதைத் திராட்சைச் சாறு என்று நினைத்துக் காலால் தேய்க்கப் போனாள். ஒரு அடி தள்ளி இன்னொன்று. அடுத்த அடியில் இன்னொன்று, கொஞ்சம் பெரியதாக.

கிரேன்காரர் குனிந்து தொட்டுப் பார்த்தார். எழுந்து வேகமாக உள்ளே போனார்.

"உட்காரு. காலைக் காட்டு."

"எதுக்கு? என்ன இப்போ?"

அவர் தரையில் உட்கார்ந்து அவள் வலது பாதத்தைத் தூக்கித் தன் முழங்கால்மேல் வைத்துத் திருப்பினார். மூத்தவள் கையில் போனோடு வாசலில் வந்து நின்றாள். குதிகாலின் நடுவில், தையல் அறைத் தரையில் உதிர்ந்து கிடக்குமே அந்தக் குண்டூசி ஒன்று. முழுசாக உள்ளே போயிருந்தது. தலை மட்டும்தான் வெளியே. சுற்றிலும் தோல் வீங்கிச் சிவந்திருந்தது. எத்தனை மணி நேரமாக அதன்மேல் நடந்துகொண்டிருக்கிறாளோ.

அவர் விரல் நடுங்காமல் ஊசித் தலையைப் பிடித்தார். இழுத்தார். முழு நீளமும் வெளியே வந்தது. கூடவே ரத்தமும் வந்தது. அவர் நிமிர்ந்து மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

"வலிக்கலையா?"

அம்மா அலமாரியிலிருந்து எந்தப் புடவையை எடுக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கேட்டது காதில் விழுந்ததும் திரும்பினாள்.

"எது?" என்றாள்.